மீனை எண்ணாதவர் ஆற்றை ஆளலாமோ?

தோட்டத்துக் கிராணி ஒருவன் மீனைப்பற்றி எழுதப் புகுந்தால், "உமக்கேன் ஐயா இந்த வேலை?" என்று கேட்பவர் கேட்கவே செய்வர். அவர்களுக்கு என் மறுமொழி இது: எண்ணுவதே எனக்குத் தொழில். விடியற்காலைப் பிரட்டில் ஆளை எண்ணுகிறேன். சாலையோரத்தில் அடுக்கிய செம்பனைக் குலையை எண்ணுகிறேன். உரமூட்டை, மருந்துத் தகரம், மண்வெட்டி வரையில் எண்ணி ஏட்டில் ஏற்றுகிறேன். எண்ணப்படாத பொருள் என்றைக்கேனும் களவு போகும், போனதும் எவருக்கும் தெரியாது என்பது தோட்டத்து உத்தியோகத்தில் முதற்பாடம். அத்தோட்டத்தின் எல்லையில் ஓடும் ஆற்றுக்கும், அவ்வாற்று நீரைத் தேக்கி வைத்த அணைக்கும் மாத்திரம் இப்பாடம் பொருந்தாதாம்! அங்கே நீருக்குக் கணக்குண்டு; மதகுக்குக் கணக்குண்டு; காவலாளின் சம்பளத்துக்கும் கணக்குண்டு. நீருக்குள் வாழும் உயிருக்குக் கணக்கு எங்கே என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் பாகான் டாலாம். பாகான் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்பது பொருள்; டாலாம் என்றால் உள். பெயரிலேயே மீன்வாடை வீசும் ஊர் எங்களுடையது. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் கூலிக்கு உழைத்த தமிழர் பலர் அங்கே குடியிருந்தனர். ஞாயிற்றுக்கிழமையன்று தூண்டிலோடு பிறை ஆற்றங்கரையில் உட்காராத வீட்டை அக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பிறை ஆற்றுக்கு நீர் தருவன மேலேயுள்ள கூலிம் ஆறும் ஜாராக் ஆறும். கூலிம் ஆற்றிலிருந்து நீரேற்றிச் சேமிப்பதற்காக 1985-இல் கட்டி, பிற்காலத்தில் பெரிதாக்கியதே புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பாலுள்ள மெங்குவாங் நீர்த்தேக்கம். ஆகவே, மேலே தேங்கும் நீரின் சங்கதி கழிமுகத்தில் இருக்கும் எங்களுக்குப் பிறத்தியார் சங்கதி அன்று.

என் தாய்மாமன் ஒருவர் தோட்டத்து வேலை போக மிஞ்சிய நேரத்தில், உள்நாட்டுச் சிற்றாறு ஒன்றில் வலைவீசுவார். அவர் பிடித்த விறாலும் கெளுத்தியும் லாம்பாமும் லயத்தில் ஏழெட்டு வீட்டுக்குக் குழம்பாகும். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலையில் அவ்வாற்றில் மீனெல்லாம் வயிறு மேலாக மிதந்தன. மாமன் ஒரு சாக்கில் அவற்றை அள்ளிக்கொண்டு, அதற்கென்று உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலே படித்த மருமகன் உடனிருந்தால் மரியாதை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர், நாற்காலி கொடுத்தார். பின் இரண்டே கேள்வி கேட்டார். "இந்த ஆற்றில் இதற்குமுன் எவ்வளவு மீன் இருந்தது? அதற்கு ஏதேனும் ஆதாரம் உண்டா?" மாமன் தம் வலையைச் சொன்னார், தம் தகப்பனாரைச் சொன்னார், ஏழெட்டு வீட்டுக் குழம்பைச் சொன்னார். அவற்றுள் ஒன்றேனும் அந்தத் தாளில் எழுதும்படியாக இல்லை. நீரை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்த நீர் அது. குற்றமற்றது என்று வந்தது. விவகாரம் முடிந்தது.

அன்று வீடு திரும்பும்போது மாமன், "நீ தோட்டத்தில் எண்ணுகிறாயே தம்பி, ஆற்றில் எண்ண ஆளில்லையா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எனக்கு இன்னும் நேரான விடை கிடைக்கவில்லை. அதனாலேயே இவ்வியாசம்.

நிற்க. நீரைச் சோதிக்கிறார்களே, அது போதாதா என்பர் சிலர். நீர்ச் சோதனையை நான் இகழவில்லை. செம்பனை ஆலைக் கழிவு இந்நாட்டு ஆறுகளைச் சாகடித்த காலம் ஒன்று இருந்தது. அக்கழிவுக்கு 1977-இல் விதி செய்தனர். கழிவிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எவ்வளவு உயிர்வளியை இழுத்துக்கொள்கின்றன என்பதே அதில் அளவுகோல். சுத்தி செய்யாத ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். 1978-இல் 5,000-க்கு மேற்படலாகாது என்று தொடங்கிய வரம்பு, ஆண்டுக்காண்டு இறுகி, 1984-இல் 100-க்கு வந்தது. அளக்கத் தொடங்கியதால் வந்த நன்மை இது. என் வாதத்துக்கும் இதுவே முதற்சாட்சி. ஆனால் நீர் ஓடிவிடும் பொருள். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் பல கல் தொலைவு போய்விடும். குப்பியில் மொண்ட நீர், மொண்ட அந்த நிமிஷத்துக்குத்தான் சாட்சி சொல்லும். மீனோ நேற்றும் சென்ற மாதமும் சென்ற ஆண்டும் அங்கேயே இருந்த சாட்சி. எந்த வயதுக் குஞ்சு இல்லை, எந்த இனம் மறைந்தது, எது மாத்திரம் பெருகிற்று என்று பார்த்தால் ஆற்றின் நெடுநாள் வரலாறு தெரியும். ஓடிப்போன சாட்சியை விசாரித்து, உட்கார்ந்திருக்கும் சாட்சியை விசாரியாமல் விடும் நியாயஸ்தலம் எங்கேனும் உண்டா?

"கண்ணுக்குத் தெரியாத மீனை எப்படி எண்ணுவது? கடலை அளக்கப் புறப்பட்ட கதையாக இருக்கிறதே!" என்பது அடுத்த ஏளனம். எங்கள் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான செம்பனை நிற்கிறது. வரும் மாதங்களில் எத்தனை டன் குலை வெட்டலாம் என்பதை நாங்கள் முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதுகிறோம். எல்லா மரத்தையும் அண்ணாந்து பார்த்தா? இல்லை; குறித்த சில வரிசைகளில் மாத்திரம் இன்னும் பழுக்காத கருங்குலைகளை எண்ணி, அதைக்கொண்டு முழுத் தோட்டத்துக்கும் கணிக்கிறோம். துரைமார் அதை நம்பிக் கப்பலுக்குப் பேரம் பேசுகிறார்கள். மரத்துக்குச் செல்லும் நியாயம் மீனுக்குச் செல்லாதோ?

டென்மார்க்கு தேசத்துப் பீட்டர்சன் என்பார் 1890-களிலேயே தட்டைமீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு குளத்தில் 200 மீன் பிடித்து, துடுப்பில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம் என்று வையுங்கள். சில நாள் கழித்து 300 மீன் பிடிக்கிறோம். அவற்றுள் அடையாளமுள்ளவை 12. இரண்டாம் பிடியில் 25-க்கு ஒன்று நம்முடைய மீன். ஆகவே மொத்தத்திலும் 25-க்கு ஒன்றே நம்முடையதாயிருத்தல் வேண்டும், மொத்தம் 5,000. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அடையாளம் உதிரக்கூடாது, இடையில் புது மீன் வந்து சேரக்கூடாது, விட்ட மீன் மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்கவேண்டும் என்பன நிபந்தனைகள்.

நீர்த்தேக்கத்தில் இந்நிபந்தனைகள் முழுதும் வாய்ப்பது அரிது. மேலிருந்து ஆறு மீனைக் கொண்டுவருகிறது. மதகு வழியே மீன் வெளியேறுகிறது. ஆதலால் அங்கே வேறொரு வழியைக் கையாள்கின்றனர். பல கண்ணளவுள்ள செவுள்வலைத் துண்டுகளை ஒன்றாகத் தைத்து, குறித்த இடங்களில் அந்தியில் கட்டி, விடியலில் எடுக்கின்றனர். சிறு கண்ணில் சிறு மீனும் பெருங் கண்ணில் பெரு மீனும் சிக்கும். அதே வலை, அதே இடம், அதே பருவம், அதே நேர அளவு என்று ஆண்டுதோறும் செய்தால், மொத்தம் இத்தனை என்று சொல்ல முடியாவிடினும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஐயமறச் சொல்லலாம். நம் வெப்ப நாட்டு அணைகளில் அடியாழத்தில் உயிர்வளி குறைவு. மீன் பெரும்பாலும் மேலடுக்கில் திரியும். வலையை எந்த ஆழத்தில் கட்டினோம் என்று எழுதாத கணக்கு அதனாலேயே குப்பைக்குப் போகவேண்டிய கணக்கு. ஒலியலையை நீருக்குள் அனுப்பி எதிரொலியால் எண்ணும் கருவியும் இருக்கிறது. மீன் உதிர்த்த உயிரணுக்களின் மரபுப்பொருளை ஒரு குப்பி நீரில் கண்டு, இன்ன இனம் இங்கே உண்டு என்று சொல்லும் முறையும் வந்துவிட்டது. வலையில் மீன் சாகுமே என்பார்க்கு ஒரு சொல்: ஆம், சாகும். ஆண்டில் சில இரவு சாகும் மீனுக்கு இரங்குவோர், ஓரிரவில் ஆறு முழுதும் செத்தபோது எங்கே போயிருந்தார்கள்?

இனி, "வலைஞனுக்குத் தெரியாததா? அவனைக் கேட்டால் போதாதா?" என்று ஏழைக்குப் பரிந்து பேசுவதுபோல் பேசுவோர் உளர். இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் மிகுதி. வலைஞனுக்குத் தெரியும், எந்த மடுவில் எது முட்டையிடும் என்பது எந்தப் பண்டிதரையும்விட அவனுக்கே தெரியும். வலை எங்கே கட்டுவது என்று அவனைக் கேட்டே எந்த ஆராய்ச்சியும் தொடங்கவேண்டும். ஆனால் அவன் சொல்லை எந்த அலுவலகம் ஏட்டில் ஏற்றிற்று? அன்றியும் மனித நினைவுக்கு ஒரு குறை உண்டு. மீன்வள ஆராய்ச்சியாளர் டேனியல் பாலி அதை 1995-இல் எடுத்துக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட வளத்தையே இயல்பான வளமென்று கொள்ளும், பாட்டன் இழந்தது பேரன் கணக்கில் வராது. என் பாட்டனார் முழங்கை நீளம் காட்டி "இது சின்ன மீன்" என்பாராம். மாமன் ஒரு சாண் காட்டுகிறார். என் மகன் விரலைக் காட்டிக் குதிக்கிறான். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவர் சொல்லையும் ஒரே தாளில் எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

அணை கட்டிய புதிதில் இந்த மயக்கம் இன்னும் பெரிதாகும். மூழ்கிய செடிகொடிகள் அழுகி நீருக்கு உரமாவதால் முதற்சில ஆண்டுகளில் மீன் பெருகும். அவ்வமயம் படம் பிடித்து, "பாரீர் எங்கள் அணையின் வளத்தை" என்று பறையறைவர். உரம் தீர்ந்தபின் விளைவு வீழும். அப்போது படம் பிடிப்பவர் வரமாட்டார். இன்னொன்று, ஓடும் நீருக்கென்று பிறந்த மீன் தேங்கும் நீரில் பெருகுவதில்லை. கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி முட்டையிட்ட உல்லம் மீனின் வழியைக் குறுக்கணைகள் அடைத்தன. இவ்வாறு அணைகள் மீனின் பாதையை மறிப்பதைப் பிரான்சிஸ் டே 1870-களிலேயே இந்திய நாட்டு ஆறுகளைச் சுற்றிப் பார்த்து எழுதினார். 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்தது. இங்கே பேராக் ஆற்றில் 1930-இல் செண்டரோ அணை. பின்னர் அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று மூன்று. ஓர் ஆற்றை நான்கு படியாக வெட்டினோம். மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இவ்வரிகளை எழுதும் விளக்கும் அதில் எரிவதே. வெட்டியதற்கு விலை என்ன என்று குறித்து வைத்தோமா என்பதே கேள்வி.

"குறைந்தால் என்ன? குஞ்சு வாங்கி விட்டால் தீர்ந்தது" என்பது எல்லாவற்றிலும் பெரிய மடமை. பந்தல் போட்டு, மாலையிட்டு, வாளியிலுள்ள குஞ்சுகளைப் பிரமுகர் தம் கையால் ஆற்றில் ஊற்றும் காட்சியை நாம் பத்திரிகைகளில் கண்டிருக்கிறோம். உள்நாட்டு இனத்தை, குறைவறிந்து, அளவறிந்து விடுவது நன்றே. ஆனால் அங்கே முன்னே எத்தனை இருந்தது, விட்டதில் எத்தனை பிழைத்தது என்று மறு ஆண்டு போய்ப் பார்த்தவர் யார்? கணக்கில்லாத கொடை கிணற்றில் போட்ட கல். இனிக் கடையில் வாங்கிய மீனைப் புண்ணியத்துக்கென்று ஆற்றில் விடுவோரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவர் விட்ட அந்நிய மீன் ஆற்று மீனைத் தின்றால், அந்தப் பாவம் யார் கணக்கில் ஏறும் என்று மாத்திரம் கேட்டு வைக்கிறேன்.

அப்படித் தின்ற கதை ஒன்று உண்டு. பனாமா நாட்டில் சாக்ரஸ் ஆற்றை மறித்து 1913-இல் உண்டாக்கிய காதூன் நீர்த்தேக்கத்தில், தென்னமெரிக்க மீன் ஒன்று 1967 வாக்கில் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பிப் புகுந்தது. வாலில் மயிற்கண் போன்ற புள்ளியுள்ள அதன் இனத்தையே இந்நாட்டார் ராஜா மீன் என்று அழைக்கின்றனர். மீன் இன்னும் பரவாத பகுதியையும் பரவிய பகுதியையும் ஒப்பிட்டு சாரெட், பெயின் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அங்கே மலிந்திருந்த எட்டு வகை உள்நாட்டு மீன்களில் ஆறு வகை ஒழிந்தன அல்லது ஒழியும் நிலைக்கு வந்தன. சுமார் 45 ஆண்டு கழித்து மறுபடியும் எண்ணியபோதும் அவை மீளவில்லை. இந்தியாவில் சட்லெஜ் ஆற்றின் கோவிந்தசாகரில் 1971-இல் வெள்ளம் உடைத்துக்கொண்டு போன பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டை புகுந்து பெருகிற்று, கட்லா குன்றிற்று. எண்ணியதால் அவ்வூரார்க்கு இன்னது நேர்ந்தது என்றாவது தெரிகிறது. நம் நாட்டில் பழைய ஈயக் குட்டைகளிலும் ஏரிகளிலும் அதே ராஜா மீன் உலவுகிறது. தூண்டிற்காரர் அதற்குக் கொண்டாட்டம் நடத்துகின்றனர். இழுத்தால் நன்றாகப் போராடும் மீனாம்! அது எதைத் தின்று அவ்வளவு வலுப்பெற்றது என்று எவரேனும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தனரா?

எண்ணினால் மாத்திரம் போதாது. யார் எண்ணுகிறார் என்பதும் உண்டு. இதைக் கிராணியைவிட அறிந்தவர் இல்லை. மேலிடம் எதிர்பார்க்கும் எண்ணைக் கீழிடம் எழுதிக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் உள்ளிருந்து கண்டவன். ஒரு தடவை நானே செய்தும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கந்தான். சீனத்தில் அதிகாரிகளின் பதவி உயர்வு உற்பத்தி உயர்வோடு பிணைந்திருந்தமையால் மீன்பிடிக் கணக்கு ஊதிப் போயிற்று. அந்த ஊதல் உலகக் கணக்கையே ஏற்றிக் காட்டியதை வாட்சனும் மேற்சொன்ன பாலியும் 2001-இல் வெளிப்படுத்தினர். குறைந்துவந்த கடல் மீன் கூடிவருவதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது! ஆகவே குஞ்சு விடுபவரே எண்ணக் கூடாது. குத்தகை கொடுப்பவரே எண்ணக் கூடாது. ஆலைக்காரர் எண்ணவே கூடாது. வலைஞர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழகத்தார் ஒருவர் ஆகிய மூவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடட்டும்.

செலவென்று முறையிடுவார்க்கு: இந்தியாவில் நீர்த்தேக்கங்களின் பரப்பு 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். 1990-களில் கூட்டிப் பார்த்தபோது ஹெக்டேருக்குச் சராசரி 20 கிலோ மீனே ஆண்டில் கிடைத்ததாகத் தெரிந்தது. குறைவு இவ்வளவென்று தெரிந்த பின்பே, எதைச் செய்தால் கூட்டலாம் என்ற பேச்சுக்கு வழி பிறந்தது. வாளிக் குஞ்சுத் திருவிழா ஒன்றின் பந்தற் செலவை மிச்சம் பிடித்தால், ஓர் அணைக்கு ஓராண்டு வலைக் கூலி தேறாதா?

நம்மிடம் எண்ணியவரே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பினாங்கிலுள்ள அறிவியற் பல்கலைக்கழகத்தார் செண்டரோ நீர்த்தேக்கத்தின் மீன்களை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர், அவர்களுக்கு நன்றி. ஆனால் எழுதியது எங்கே? ஆங்கில ஆராய்ச்சிச் சஞ்சிகையில். யாருக்காக? வேறு ஆராய்ச்சியாளர்க்காக. செண்டரோக் கரையில் வலை உலர்த்தும் மலாய்க்காரருக்கும், தோட்டத்து லயத்தில் இருக்கும் என் மாமனுக்கும் அதில் ஒரு வரி எட்டியதா? என் போன்ற ஆங்கிலம் படித்தவர்கள் இதில் பெரிய குற்றவாளிகள். படித்த ஆங்கிலத்தைத் துரையின் கடிதத்துக்குப் பதிலெழுத மாத்திரம் செலவிடுகிறோம். இனியேனும் ஒவ்வோர் அணையிலும், ஆண்டுக்கொருமுறை, இன்ன இனம் இத்தனை என்ற கணக்கை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு பலகையில் எழுதி அணைக்கரையில் நாட்டவேண்டும். நீர்மட்டத்துக்குப் பலகை இருக்கிறதே, அதன் பக்கத்திலேயே நடலாம். புதுக் கம்பம்கூட வேண்டாம்.

மாமன் அதற்குக் காத்திருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிய மறுவாரம் என்னிடம் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கேட்டு வாங்கினார். தேதி, எத்தனை வீச்சு, எந்த மீன், எத்தனை, சாணளவு என்று ஐந்து கோடு நான் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது; லாம்பாமுக்கு 'லா', விறாலுக்கு 'வி' என்று குறித்துக்கொள்வார். ஆறு மெல்லப் பிழைத்து வந்ததை அந்நோட்டில் காணலாம். இப்போது மூன்றாம் நோட்டு நடக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் இருபது வீச்சுக்கு 'லா' மூன்று, 'வி' ஒன்று, 'ரா' ஐந்து என்றிருந்தது. முதல் நோட்டை எடுத்து முழுதும் தேடிப் பார்த்தேன். அதில் 'ரா' என்ற எழுத்தே இல்லை.